உதவியும் உரிமையும்

ஓர் ஊரில் களவு பயம் மிகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தெருவின் ஒரு கோடியில் ஒரு சின்னஞ்சிறு வீடு. வேலி சரியில்லை, கதவும் பழையது. மறு கோடியில் ஒரு பெரிய வீடு. அந்தப் பெரிய வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, “உங்கள் வாசலுக்கு நான் ஒரு காவலாளை அனுப்பி வைக்கிறேன். கூலியும் நானே கொடுத்துவிடுகிறேன். ஆனால் ஒன்று. எனக்கு யாரோடாவது வழக்கு வந்தால் நீங்கள் என் பக்கம் சாட்சி சொல்ல வேண்டும்” என்கிறார். சின்ன வீட்டுக்காரர் என்ன செய்வார்? காவல் அவருக்குத் தேவைதான். பெண்டு பிள்ளைகள் அச்சமின்றி உறங்க வேண்டும் என்ற ஆசையில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் பெரிய வீட்டாருக்கு என்னென்ன வழக்குகள் வரும், அவற்றில் நியாயம் யார் பக்கம் இருக்கும் என்பது இவருக்குத் தெரியாது. இன்னும் வராத வழக்குக்கு இன்றே சாட்சி சொல்ல ஒப்புக்கொள்வது எப்படி?

இது வெறும் தெருக்கதையன்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றின் வாசலிலும் இக்கேள்வி வந்து நின்றிருக்கிறது, இன்றும் நிற்கிறது. எந்த வல்லரசின் அணியிலும் சேரமாட்டோம் என்று உலகறியச் சொன்ன ஒரு நாடு, ஒரு வல்லரசோடு இராணுவ ஒத்துழைப்பு வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொண்டால் எதுவரை? எந்த இடத்தில் உதவி முடிந்து அடிமைத்தனம் தொடங்குகிறது? இவை அரசியல் வினாக்கள் என்பது உண்மையே. ஆனால் அவற்றின் வேர் அறத்தில்தான் இருக்கிறது என்பதால், நாம் இங்கே அந்த வேரைத் தேட முனைகிறோம்.

இதற்கு இந்தோனேசியாவை நாம் எடுத்துக்கொள்கிறோம். உலகிலேயே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடு அது. நாகூரிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் சுமத்ராவின் துறைமுகங்களில் கடை வைத்துப் பிழைத்தார்கள். ஆனால் இந்த உறவு மட்டும் நம் தேர்வுக்குக் காரணமன்று. நாம் எடுத்துக்கொண்ட வினாவை அந்நாடு பல தலைமுறை அரசியல்வாதிகளின் கையில், இருபுறத்து வல்லரசுகளோடும் சந்தித்திருக்கிறது. சிலமுறை கண்ணியமாகவும் சிலமுறை அவ்வாறல்லாமலும் விடை தந்திருக்கிறது. ஆகவே அதன் வரலாறு நமக்கு ஒரு நல்ல பாடநூல்.

ஹத்தாவின் ஓடம்

1945 ஆகஸ்டு 17ஆம் நாள் இந்தோனேசியா தன் விடுதலையைப் பிரகடனம் செய்தது. டச்சுக்காரர்கள் அதை ஏற்கவில்லை. நான்காண்டுகளுக்கு மேல் போராட்டம் நீடித்தது. அப்போராட்டத்தின் நடுவில், 1948 செப்டம்பர் 2ஆம் நாள், யோக்யகர்த்தாவில் கூடிய மக்கள் பிரதிநிதிகளின் குழுவின்முன் முஹம்மது ஹத்தா ஓர் உரை நிகழ்த்தினார். அப்போது அவர் துணை ஜனாதிபதி; பிரதம மந்திரிப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓடம் செலுத்துவது என்பதே அவ்வுரைக்கு வாய்த்த பெயர்.

அன்று அவர் நின்ற நிலையை எண்ணிப் பாருங்கள். வெளியே டச்சுப் படை. கையில் பணமில்லை. உள்நாட்டிலோ சோவியத் யூனியனின் பக்கம் சாய்ந்துவிட வேண்டும் என்று இடதுசாரிகள் வற்புறுத்திக் கொண்டிருந்தார்கள். மறுபுறம், டச்சுக்காரரை அடக்கக்கூடிய ஒரே கை அமெரிக்காவின் கை என்று நம்பியவர்களும் இருந்தார்கள். இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர விடுதலைக்குப் போராடும் மக்களுக்கு வேறு வழியே இல்லையா என்பதே ஹத்தா எழுப்பிய கேள்வி. பிறருடைய போட்டியில் நகர்த்தப்படும் காயாக நாம் இருக்கலாகாது. நம் நிலையை நாமே தீர்மானிக்கும் உரிமை நமக்கு வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். ‘சுதந்திரமும் செயலூக்கமும் உள்ள’ அயலுறவுக் கொள்கை என்று பின்னாளில் இந்தோனேசியர் பெருமையோடு சொல்லிவரும் கொள்கையின் தோற்றுவாய் இதுவே.

இந்த உவமையின் நுட்பத்தை நாம் தவறவிடக் கூடாது. பாறைகளுக்கு நடுவே ஓடத்தைச் செலுத்துகிறவன் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அல்லன். நீரோட்டம் அவனை ஓயாமல் ஏதாவது ஒரு பாறையை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அவன் துடுப்பை ஒருகணம் இப்பக்கமும் மறுகணம் அப்பக்கமும் தள்ள வேண்டியிருக்கும். கரையிலிருந்து பார்ப்பவனுக்கு அவன் இந்தப் பக்கம் சாய்ந்தான், அந்தப் பக்கம் சாய்ந்தான் என்று தோன்றலாம். ஆனால் துடுப்பு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. அணிசேராமை என்பது இருவருக்கும் சமதூரத்தில் அசையாமல் நிற்பது என்று பலர் கருதுகிறார்கள். அது பிழை. தன் தீர்ப்பைத் தானே சொல்லும் உரிமையைக் கைவிடாதிருப்பதே அணிசேராமை.

ஒரு கடிதமும் ஓர் அமைச்சரவையும்

1949 டிசம்பர் 27ஆம் நாள் டச்சு அரசு இந்தோனேசியாவின் இறைமையை ஏற்றது. அதற்கு அமெரிக்காவின் நெருக்குதலும் ஒரு காரணம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். புதிய நாட்டின் தலையில் பழைய காலனி அரசு பட்ட கடனிலிருந்து சுமார் 430 கோடி கில்டர் சுமத்தப்பட்டது. பள்ளிகள் இல்லை, சாலைகள் சிதைந்து கிடந்தன, ஆயுதமேந்திய கிளர்ச்சிகள் தீவுக்குத் தீவு எழுந்துகொண்டிருந்தன. உதவி தேவைப்பட்ட நாடு அது. தேவையில்லை என்று நடிப்பது வீண் பெருமையாகவே இருந்திருக்கும்.

1951 அக்டோபரில் அமெரிக்கா ‘பரஸ்பரப் பாதுகாப்புச் சட்டம்’ என ஒன்றை இயற்றியது. உதவி பெறும் நாடுகளை அச்சட்டம் இருவகையாகப் பிரித்தது. பொருளாதார, தொழில்நுட்ப உதவி மட்டும் பெறுவோர் உலக அமைதிக்கும் நல்லெண்ணத்துக்கும் உழைப்பதாகச் சொன்னால் போதும். இராணுவ உதவி பெறுவோரோ தங்கள் நாட்டின் தற்காப்புக்கு மட்டுமின்றி, ‘சுதந்திர உலகம்’ எனப்பட்ட அணியின் தற்காப்பு வலிமைக்கும் தங்களால் இயன்ற முழுப் பங்கைச் செலுத்துவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். 90 நாட்களுக்குள் ஒப்புக்கொள்ளாதவருக்கு உதவி நின்றுவிடும்.

அப்போது ஜகார்த்தாவில் சுகிமான் பிரதமராக இருந்தார். அயலுறவு அமைச்சர் அஹமது சுபார்ஜோ. 1952 ஜனவரி 5ஆம் நாள், காலக்கெடு முடியும் தறுவாயில், சுபார்ஜோ அமெரிக்கத் தூதர் மெர்ல் காக்ரனோடு கடிதப் பரிமாற்றம் செய்து, இரண்டாம் வகை நிபந்தனையை ஏற்றுக்கொண்டார். நாடாளுமன்றத்துக்குத் தெரியாது. அமைச்சரவைக்கும் தெரியாது. தற்காப்புக்குப் பொறுப்பான அமைச்சரைக்கூடக் கலந்துகொள்ளவில்லை. பிப்ரவரியில் செய்தி வெளியாயிற்று. கூட்டணியில் இருந்த தேசியக் கட்சியார் கொதித்தெழுந்தார்கள். சுபார்ஜோவின் சொந்தக் கட்சியாகிய மஸ்யூமியிலும் நாத்சீரைச் சேர்ந்தவர்கள் அதை ஏற்கவில்லை. சுபார்ஜோ பதவி விலகினார். அதோடு நில்லாமல் பிப்ரவரி 23ஆம் நாள் அமைச்சரவையே விலகிற்று.

சுபார்ஜோவைத் துரோகி என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். 1945இல் விடுதலை பெற்ற இந்தோனேசியாவின் முதல் அயலுறவு அமைச்சரும் அவரே. நாட்டுக்கு நன்மை தேடித்தான் கையொப்பமிட்டிருப்பார். இந்த உறுதிமொழியால் நாடு எந்தப் போரிலும் சிக்காது என்று அவர் நம்பியும் இருக்கலாம். ஆயினும் நல்ல எண்ணம் மட்டும் ஒரு செயலை நியாயமாக்கிவிடுமா?

இங்கே இரண்டு பிழைகள் நேர்ந்தன. முதலாவது, வாக்குறுதியின் பொருள் பற்றியது. தன் வீட்டைக் காப்பேன் என்று சொல்வது வேறு. ஒரு கட்சியாரின் வலிமைக்கு உழைப்பேன் என்று சொல்வது வேறு. முன்னது காவல், பின்னது இன்னும் வராத வழக்குக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்த சாட்சி. இரண்டாவது, வாக்களித்த முறை பற்றியது. ஆட்சி என்பது அமானிதம். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை, அது நல்ல விலைக்குப் போகிறது என்பதற்காக அவருக்குத் தெரியாமல் அடகு வைக்க எவருக்கும் உரிமையில்லை. இந்தோனேசியர் தங்கள் அரசியலின் அடித்தளங்களுள் ஒன்றாகக் கொண்ட ‘முஷாவரா’ என்னும் சொல் நமக்கும் பழக்கமான சொல்லே. கலந்து பேசாமல் செய்த அந்த ஒப்பந்தம் ஏழே வாரத்தில் அமைச்சரவையைக் கவிழ்த்தது. அடுத்து வந்த விலோபோ அரசு அமெரிக்காவோடு மறுபடியும் பேசி, 1953இல் அதைப் பொருளாதார, தொழில்நுட்ப உதவியாக மாற்றிக்கொண்டது. உதவி தொடர்ந்தது, உறுதிமொழி போயிற்று. கேட்டுப் பேசியிருந்தால் முதலிலேயே கிடைத்திருக்கக்கூடியதுதான் அது!

பாண்டுங்கும் பெல்கிரேடும்

மூன்றாண்டுகளில் அதே இந்தோனேசியா உலகை வரவேற்றது. 1955 ஏப்ரல் 18 முதல் 24 வரை பாண்டுங் நகரில் 29 நாடுகள் கூடின. இராணுவ ஒப்பந்தங்களைப் பற்றி அங்கே கடும் வாக்குவாதம் நடந்தது. அத்தகைய ஒப்பந்தங்களை நேரு வன்மையாக எதிர்த்தார். பாகிஸ்தான், துருக்கி, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகள் ஏற்கெனவே அவற்றில் சேர்ந்திருந்தன. தங்களைக் காத்துக்கொள்ள யாரோடும் சேரும் உரிமை தங்களுக்கு உண்டென்று அவை வாதாடின. முடிவில் உருவான பத்துக் கோட்பாடுகளில் இருதரப்புக்கும் இடம் தரப்பட்டது. தனியாகவோ கூட்டாகவோ தற்காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்றது ஒரு கோட்பாடு. கூட்டுத் தற்காப்பு ஏற்பாடுகளை எந்த வல்லரசின் தனிநலனுக்கும் பயன்படுத்தலாகாது என்றது அடுத்தது.

இது வெறும் சமரசம் என்று சிலர் எள்ளி நகையாடினர். நாம் அவ்வாறு கருதவில்லை. உரிமையையும் அதன் எல்லையையும் அடுத்தடுத்து வைத்துச் சொன்னதில் ஓர் ஆழ்ந்த அறிவு இருக்கிறது.

1961 செப்டம்பரில் அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு பெல்கிரேடில் கூடியது. யாரை அழைப்பது என்பதற்கு அவ்வாண்டு ஜூன் மாதம் கெய்ரோவில் அளவுகோல் வகுத்தார்கள். அதைப் படிப்போருக்கு வியப்பே உண்டாகும். ஒரு வல்லரசோடு இருதரப்பு இராணுவ உடன்பாடு வைத்திருக்கும் நாட்டை அது அடியோடு விலக்கிவிடவில்லை. அந்நிய தளத்துக்கு இடம் கொடுத்த நாட்டைக்கூட அந்த ஒரே காரணத்துக்காக ஒதுக்கவில்லை. அவ்வுடன்பாடு வல்லரசுகளின் மோதலை முன்னிட்டுச் செய்யப்பட்டதாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. நம் வழக்கில் சொன்னால், அவர்கள் பார்த்தது நிய்யத்தை. கத்தி கையில் இருக்கிறதா என்று கேட்கவில்லை. எதற்காக வாங்கினாய் என்று கேட்டார்கள்.

நிய்யத்து நெஞ்சுக்குள் இருப்பது. அதை அளப்பது எப்படி என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு நாட்டின் நிய்யத்து நெஞ்சுக்குள் இருப்பதில்லை. அது ஒப்பந்தத்தின் சொற்களில் இருக்கிறது. 1952இல் ஓர் அமைச்சரவையைக் கவிழ்த்தது துப்பாக்கிகளின் எண்ணிக்கையன்று. யாருடைய வலிமைக்கு என்று குறித்த ஒரு சொற்றொடரே.

சாவி யார் கையில்?

சொற்கள் சரியாக இருந்துவிட்டால் போதுமா? போதாது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 1958இல் சுமத்ராவிலும் சுலாவெசியிலும் மத்திய அரசை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டபோது, அமெரிக்கா மறைமுகமாகக் கிளர்ச்சிக்காரருக்கு உதவிற்று. அவ்வாண்டு மே 18ஆம் நாள் அம்போன் அருகே சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்து ஆலன் போப் என்ற அமெரிக்க விமானி பிடிபட்டதும் மறைப்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. சுகர்ணோ மாஸ்கோவை நாடினார். மேற்கு இரியானை டச்சுக்காரரிடமிருந்து மீட்பதற்கென்று குண்டுவீச்சு விமானங்கள், நீர்மூழ்கிகள், ஒரு பெரிய போர்க்கப்பல் எனச் சோவியத் ஆயுதங்கள் வந்து குவிந்தன. அக்கப்பலுக்கு ‘இரியான்’ என்றே பெயரிட்டார்கள். 1962 ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டு, மேற்கு இரியான் கைமாறும் வழி பிறந்தது.

ஆனால் 1965க்குப்பின் ஆட்சி மாறிற்று. மாஸ்கோவோடு உறவு முறிந்தது. உதிரிப் பாகங்கள் வரவில்லை. பறக்க வேண்டிய விமானங்கள் தரையில் துருப்பிடித்தன. ‘இரியான்’ கப்பல் 1970களின் தொடக்கத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்டது. கடன் மட்டும் துருப்பிடிக்காமல் நிலைத்து நின்றது.

பிறகு அமெரிக்க ஆயுதங்களின் காலம் வந்தது. 1999இல் கிழக்குத் திமோரில் நடந்த வன்செயல்களுக்காக வாஷிங்டன் இராணுவ விற்பனையை நிறுத்திற்று. 2005 நவம்பரில்தான் தடை முழுதாக விலகிற்று. இடையில், 2003 ஜூலை 3ஆம் நாள், ஜாவாக் கடலிலுள்ள பவெயான் தீவின் அருகே அமெரிக்கக் கடற்படையின் போர்விமானங்கள் பறந்தன. அவற்றை யாரென்று கேட்க இந்தோனேசியா இரண்டு எஃப்-16 விமானங்களை அனுப்பியது. அந்த எஃப்-16களும் அமெரிக்காவில் செய்யப்பட்டவையே. உதிரிப் பாகமின்றி அவற்றின் துணை விமானங்கள் பல தரையில் நின்ற காலம் அது. வாசலில் வந்து நிற்பவரை ‘யார் நீ?’ என்று கேட்கும் கைத்தடியே அவர் இரவல் தந்ததாக இருந்தால் என்ன செய்வது? அவ்வாண்டே இந்தோனேசியா ரஷ்யாவிடம் சுகோய் விமானங்களை வாங்கியதில் வியப்பில்லை.

ஆக, ஆயுதம் தருபவர் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். அவர் மாஸ்கோக்காரரா வாஷிங்டன்காரரா என்பதில் வேறுபாடில்லை.

உறவுக்காக மறைக்கலாகாது

இதுவரை இந்தோனேசியாவின் இழப்பைப் பேசினோம். இனி அந்நாட்டின் குற்றத்தைப் பேசியாக வேண்டும். உறவு பார்த்துச் சாட்சியத்தை மாற்றக் கூடாது என்பது நாம் பிள்ளைப் பருவத்திலேயே கேட்டு வளர்ந்த நெறி. பெரிய வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்கும் சின்ன வீட்டுக்காரர், தம்மினும் சின்ன வீட்டின்முன் எப்படி நடந்துகொண்டார் என்று பார்க்காமல் இக்கட்டுரை முடிந்தால் அது நேர்மையாகாது.

1975 டிசம்பர் 6ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்டும் அமைச்சர் கிஸ்ஸிஞ்ஜரும் ஜகார்த்தாவில் சுஹார்த்தோவைச் சந்தித்தனர். மறுநாள் இந்தோனேசியப் படை கிழக்குத் திமோரின் தலைநகர் தீலியில் இறங்கியது. அமெரிக்கத் தரப்பு அதைத் தடுக்கவில்லை என்பது, மறைத்து வைக்கப்பட்ட ஆவணங்கள் 2001இல் வெளியானபோது தெளிவாயிற்று. அங்கே பயன்பட்ட ஆயுதங்களில் பெரும்பங்கு அமெரிக்கா தந்தவை. 1999 வரையிலான அந்தத் துயரத்தில் மாண்டவர்கள் குறைந்தது 1,02,800 பேர் என்று திமோரின் உண்மை ஆணையம் பின்னர் கணக்கிட்டது. பசியாலும் நோயாலும் இறந்தவர்களே அவர்களில் மிகுதி. 1999 ஆகஸ்டு 30ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 78 பேருக்கு மேல் பிரிந்து போவதையே விரும்பினார்கள்.

காலனி ஆட்சியின் கொடுமையை அனுபவித்த நாடு, பாண்டுங்கில் சிறு நாடுகளின் கண்ணியத்தைப் பேசிய நாடு, அவ்வாறு செய்தது. வல்லரசின் நட்பு அந்தத் தவற்றைத் தடுக்கவில்லை, எளிதாக்கிற்று. இராணுவ ஒத்துழைப்பின் ஆபத்து, பெரியவர் நம்மைத் தம் தவற்றுக்கு இழுப்பார் என்பது மட்டுமன்று. நாம் தவறு செய்யும்போது அவர் தம் சௌகரியத்துக்காக வாய் மூடியிருப்பார் என்பதும் ஓர் ஆபத்தே. பிற்பாடு தடை விதித்ததும் அவர்தாம் என்பது வேறு கதை. அந்தத் தடை கால் நூற்றாண்டு பிந்தி வந்தது.

நம் நாடும் இச்சோதனைக்கு விலக்கன்று. 1962 நவம்பரில் சீனப் படை முன்னேறியபோது அணிசேராமையின் தந்தையெனப் போற்றப்பட்ட நேருவே கென்னடியிடம் இராணுவ உதவி கேட்டார். 1971 ஆகஸ்டு 9ஆம் நாள் சோவியத் யூனியனோடு இந்தியா நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. அது மறைவில் கிடக்கவில்லை, நாடறியச் செய்யப்பட்டது. இந்தியாவின் அணிசேராக் கொள்கையைச் சோவியத் யூனியன் மதிப்பதாக அதிலேயே எழுதப்பட்டிருந்தது. அந்த ஆபத்தான ஆண்டில் அது நமக்குத் துணை நின்றது. ஆயினும் 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தபோது என்ன ஆயிற்று? 1980 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிற்று. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. நன்றிக்கடன் நாவைக் கட்டிவிட்டது. உதவி பெற்றவன் நிலத்தை இழப்பது அரிது. ‘இது தவறு’ என்று சொல்லும் குரலையே அவன் முதலில் இழக்கிறான்.

வலிமையற்றவனுக்குக் கொள்கை எதற்கு?

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. அதை அலட்சியம் செய்ய முடியாது. கொள்கை பேசி வயிறு நிறையுமா? கரையோர மீனவனை அது காக்குமா? இந்தோனேசியா 17,000க்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு. அதன் வடக்கே நத்துனாத் தீவுகளை அடுத்த கடலின் ஒரு பகுதி, சீனா தன் வரைபடத்தில் போட்டிருக்கும் கோட்டுக்குள் விழுகிறது. சீன மீன்பிடிக் கப்பல்களும் அவற்றுக்குத் துணையாக அந்நாட்டுக் காவல் கப்பல்களும் அங்கே பலமுறை வந்து நின்றிருக்கின்றன. 2017இல் இந்தோனேசியா அக்கடலுக்கு ‘வடக்கு நத்துனாக் கடல்’ என்று பெயரிட்டது. பெயரிட்டால் போதுமா? ரோந்துக் கப்பல் வேண்டும், ராடார் வேண்டும், பயிற்சி வேண்டும். இவை வைத்திருப்பவரிடம்தானே கேட்க முடியும்?

இவ்வாதத்தை நாம் ஏற்கிறோம். தன் மக்களைக் காக்க வழியிருந்தும் காக்காத அரசு, கொள்கையின் பெயரால் கடமையைக் கைவிட்ட அரசாகும். பட்டினி கிடந்தாவது மானத்தைக் காப்பேன் என்று ஒரு தனி மனிதன் சொல்லலாம். பிறருடைய பிள்ளைகளைப் பட்டினி போட்டு அவ்வாறு சொல்ல அவனுக்கு உரிமையில்லை. ஆகவே உதவி பெறுவதே இழிவு என்னும் கட்சி நம்முடையதன்று.

ஆனால் இவ்வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. வலிமை மிக்கவனுக்குக் கொள்கை இல்லாவிட்டாலும் அவன் பிழைத்துக்கொள்வான். வலிமை குன்றியவனுக்கோ அவனுடைய சொல்லின் மதிப்பே பாதிக் காவல். இவன் யாருடைய ஆளும் அல்லன் என்று அண்டை அயலார் நம்பும்வரை அவனை அடிக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். ஒருவருடைய ஆள் என்று தெரிந்துவிட்டாலோ, அந்த ஒருவர்மேல் உள்ள பகையெல்லாம் இவன் வாசலிலேயே தீர்க்கப்படும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இன்றும் அந்நாட்டின் வாசலில் இரு பக்கத்தாரும் நிற்கிறார்கள். 2023 நவம்பரில் அமெரிக்காவோடு உறவு ‘விரிவான’ கூட்டுறவாக உயர்த்தப்பட்டது. அதே மாதம் தற்காப்புத் துறையிலும் ஓர் ஏற்பாடு கையொப்பமாயிற்று. 2024 நவம்பரில் ரஷ்யக் கடற்படை ஜாவாவுக்கு வந்து கூட்டுப் பயிற்சி நடத்தியது. 2025 ஜனவரியில் இந்தோனேசியா ‘பிரிக்ஸ்’ அமைப்பில் சேர்ந்தது. ஓடம் இப்பக்கமும் அப்பக்கமும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆடுவது குற்றமில்லை. துடுப்பு யார் கையில் என்பதை அறிய, இதுவரை கண்ட வரலாற்றிலிருந்து நான்கு கேள்விகளை நாம் திரட்டிக்கொள்ளலாம்.

முதலாவது: இவ்வுடன்பாடு யாருடைய அச்சத்துக்காக? நம் கடலுக்கும் கரைக்கும் உள்ள ஆபத்துக்காகவா, பெரியவர்களின் போட்டிக்காகவா? கெய்ரோவில் கேட்ட கேள்வி இது.

இரண்டாவது: மக்கள் அறியச் செய்யப்படுகிறதா? 1952இன் பாடம் இது. 1995 டிசம்பரிலும் அது திரும்ப வந்தது. சுஹார்த்தோவும் ஆஸ்திரேலியப் பிரதமர் கீட்டிங்கும் இரகசியமாகப் பேசி முடித்த ஒரு பாதுகாப்பு உடன்பாட்டை இருநாட்டு மக்களும் கையொப்பத்துக்குச் சில நாள் முன்புதான் அறிந்தார்கள். நான்காண்டு நிறையுமுன், 1999 செப்டம்பரில், இந்தோனேசியாவே அதை முறித்தது. பிறகு 2006இல் லொம்போக் தீவில் வெளிப்படையாகச் செய்த உடன்படிக்கைதான் நிலைபெற்றது.

மூன்றாவது: நம் கைக்கு வரும் ஆயுதம் யாருக்கு எதிராகத் திரும்பக்கூடும்? நம்மினும் எளியவர் ஒருவருக்கு எதிராக என்றால், அதை விலையின்றித் தந்தாலும் வாங்கலாகாது.

நான்காவது: உதவி தந்தவர் நாளை அநீதி செய்தால், ‘இது அநீதி’ என்று சொல்ல நம்மால் முடியுமா? சொன்னால் விமானம் பறக்காது, கப்பல் ஓடாது என்ற நிலை வந்துவிட்டதா? வந்துவிட்டதென்றால், ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாட்சியம் விற்கப்பட்டுவிட்டது.

இந்நான்கில் கடைசிக் கேள்வியே மிகக் கடினமானது. அதற்கு எந்தச் சட்டமும் விடை தராது. இந்தோனேசியா 1999இல் தன் சுதந்திர அயலுறவுக் கொள்கையைச் சட்டமாகவே எழுதி வைத்துக்கொண்டது. நல்லதுதான். ஆனால் உண்மை சொல்லும் துணிவைச் சட்டத்தால் ஊட்ட இயலாது. அணிசேரா இயக்கத்தில் இன்று ஏறத்தாழ 120 நாடுகள் இருக்கின்றன. அவற்றுள் எத்தனை தமக்கு உதவியவரின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லும் என்று எண்ணிப் பார்த்தால், அவ்வியக்கத்தின் உண்மையான உறுப்பினர் எத்தனை பேர் என்பது விளங்கிவிடும்.

நாம் தொடங்கிய சின்ன வீட்டுக்குத் திரும்புவோம். அவர் காவலாளை வாங்கிக்கொள்ளட்டும். தம்மால் இயன்ற கூலியைத் தாமே கொடுக்கட்டும். இயலாவிட்டால் கடனாக எழுதிக்கொள்ளட்டும். நாலு பேர் அறிய எழுதிக்கொள்ளட்டும். வேலியைத் தாமே கட்டப் பழகட்டும். பக்கத்துக் குடிசையை மிரட்ட அந்தக் காவலாளை ஒருநாளும் அனுப்பாதிருக்கட்டும். சாட்சி சொல்லும் பேச்சு வந்தால் மட்டும், “வழக்கு வரும்போது அழையுங்கள், கண்டதைச் சொல்கிறேன்” என்று சொல்லட்டும். பெரிய வீட்டுக்காரர் முகம் சுளிக்கலாம். காவலாளைத் திரும்ப அழைத்துக்கொள்ளவும் கூடும். அன்றிரவு அந்த வீட்டில் உறக்கம் குறைவாகத்தான் இருக்கும். அந்த உறக்கமின்மையைத் தாங்க வீட்டார் அனைவரும் முன்பே கலந்து பேசி மனம் ஒப்பியிருந்தால், உறங்காமல் விழித்திருப்பதே அந்த வீட்டுக்குக் காவலாகிவிடும்.